மிளகாய் மில்லும் அட்டையில்லாத புத்தகமும்

சென்ற மாதம், உள்ளாட்சி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளர்களுக்குக் கோவையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அதில் நான் ஒருத்தி. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், இப்பல்லாம் கடை வைக்கறவங்களே ஆன்லைன்ல சுயசான்று குடுத்துடறாங்க. லைசென்ஸ் குடுக்கற வேலை பாதி போயிருச்சுங்க. நீங்க அந்தக் காலத்துலயே இப்படித்தான் இருக்கோணும்னு ஆபீசுக்குள்ள சண்டை போட்டீங்கன்னு சொல்றாங்க. லைசென்ஸ் குடுக்கற சீட்டுலயே உக்காந்துட்டு உங்களுக்கு எப்படிங்க அப்படித் தோணுச்சு? ஏதாவது கட்சிங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். கட்சி இல்லை, புத்தகம் என்றேன். எந்தப் புத்தகம் என்று கேட்பதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து சொல்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

புத்தகங்களின் பெயரையும் எழுதியவர்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பெயரைச் சொன்னால் அந்த ஆளைப் பற்றித்தான் சண்டை வருகிறது. அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. இது எனக்கு வீட்டிலேயே கிடைத்த அனுபவம். என் கணவர் மில் தொழிற்சங்கத்துக்காரர்.

என் ஊர் துடியலூர். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு, தட்டச்சு, தேர்வாணையத் தேர்வு, பிறகு வேலை. சோமனூருக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கும் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு குடியிருந்ததும் அந்த ஊரில்தான். சேர்ந்த அன்றே தொழில் உரிமப் பிரிவைக் கொடுத்தார்கள். எந்தெந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று ஒரு பட்டியல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மேலே தலைப்பு: ‘அபாயகரமான மற்றும் அருவருக்கத்தக்க தொழில்கள்’. கீழே டீக்கடை, சலவைக்கடை, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடை, மாவு அரைக்கும் மில். எங்கள் அலுவலகத்துக்குக் காலையும் மாலையும் டீ கொண்டுவருகிறவர் அபாயகரமானவர் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது மாதம், சுகாதார ஆய்வாளரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வேர்க்கடலை வறுத்து விற்கும் ஒருவரின் தள்ளுவண்டியை எடுத்தோம். பறிமுதல் பட்டியல் எழுதுவது என் வேலை. அடுப்பு ஒன்று, இரும்புச் சட்டி ஒன்று, கரண்டி ஒன்று, மணல் அரைச் சாக்கு. எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஆய்வாளரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் யாருக்குங்க என்ன பண்ணிப்போட்டேன்?”

“உங்ககிட்ட லைசென்ஸ் இல்லீங்களே” என்றேன்.

“அது உங்களுக்குங்க. நான் கேக்கறது, யாருக்கு என்ன கெடுதல் பண்ணிப்போட்டேன்னு.”

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பட்டியலின் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். விடவில்லை. அப்பாவுக்கு அப்போது மில்லில் ஆள்குறைப்பு.

அந்த வருடம் துறைத் தேர்வுக்குப் பழைய வழிகாட்டி ஏதாவது கிடைக்குமா என்று உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். வழிகாட்டி கிடைத்தது. அதோடு கடைக்காரர், “இதையும் எடுத்துட்டுப் போங்கம்மிணி, அட்டை இல்ல, யாரும் வாங்க மாட்டேங்கறாங்க” என்று ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகத்தையும் போட்டுக் கொடுத்தார். முன் அட்டையும் முதல் பதினைந்து, இருபது பக்கங்களும் இல்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது, எதுவும் தெரியாது. என் ஆங்கிலம் தட்டச்சு ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தேன்.

நூறு பக்கம் தாண்டியதும்தான், இந்த மனிதர் கடலைக்காரரின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. வளர்ந்த மனிதன் ஒருவனை அவன் போக்கில் விட வேண்டும், அவனால் இன்னொருவருக்குக் கெடுதல் வருமென்றால் மட்டும் தடுக்கலாம். அவன் நன்மைக்குத்தான் தடுக்கிறோம் என்பது காரணமாகாது. ஊருக்குப் பிடிக்கவில்லை என்பதும் காரணமாகாது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். எழுதியவர் யார் என்று தெரிய எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. தெரியாமல் படித்ததே நல்லதாகப் போயிற்று. பெரிய மனிதர் என்று பயப்படாமல் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே படித்தேன். ஓரத்தில் பென்சிலால் ‘அப்போ சாக்கடை?’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. உரிமமும் பர்மிட்டும் நாட்டை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்று தமிழில் ஒருவர் எழுதிய கட்டுரைகள், மூடப்பட்ட ஒரு மில் நூலகத்திலிருந்து கிடைத்தன. அனுமதி கொடுக்கிறவன் யோக்கியனாக இருந்தாலும், அனுமதி என்ற ஒன்று இருக்கிற இடத்தைச் சுற்றி யோக்கியமில்லாதது வந்து சேரும் என்பது அவர் வாதம். என் மேஜையைச் சுற்றி யார் யார் வந்து நின்றார்கள் என்பதை அதன் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். இன்னொரு தடித்த புத்தகம். ஊருக்கு எது தேவை என்கிற அறிவு லட்சம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது, ஒரு மேஜையில் அதைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது என்பதை அறுநூறு பக்கத்தில் சொல்லியது. முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

பிடிக்காத புத்தகமும் உண்டு. சுதந்திரத்தைப் பற்றித்தான் என்று ஒரு நண்பர் கொடுத்த பெரிய நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்தேன். அதில் வருகிற யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. யாரும் குழந்தைக்குப் பால் கரைப்பதில்லை. பிறர் உதவி தேவைப்படுகிறவர்கள் எல்லோரும் அதில் கேவலமானவர்கள். அது நான் தேடிய சுதந்திரம் இல்லை.

வீட்டில் என் கணவர் பழனிசாமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். “சாந்தா, மொதலாளிக எழுதி மொதலாளிக படிக்கற புஸ்தகத்தைக் கொண்டாந்து என்ற ஊட்டுல வெச்சிருக்கற” என்பார். “எங்க பேட்டையில எட்டு மணி நேர வேலைன்னு வந்தது சட்டத்துனாலயா, மொதலாளி மனசு எளகுனதுனாலயா?” நான் ஒன்று சொல்வேன், அவர் ஒன்று சொல்வார். எத்தனை வாதம் செய்தும் ஒருவரை ஒருவர் மாற்ற முடிந்ததில்லை. ஆனால் அவரிடம் நிற்காத வாதம் எதையும் நான் கோப்பில் எழுதியதில்லை.

இனி மல்லிகாவின் கோப்பு.

மல்லிகா எங்கள் ஊர் குட்டியண்ணனின் மாவு மில்லில் எட்டு வருடம் அரவை வேலை பார்த்தவள். கணவர் விசைத்தறி ஓட்டுபவர். தன் வீட்டின் முன்னறையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று வைத்து மாவும் மசாலாவும் அரைக்க உரிமம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். ஊரிலேயே அப்போது ஒரே மில் குட்டியண்ணனுடையதுதான். அவர் பேரூராட்சித் தலைவருக்குப் பங்காளி.

விண்ணப்பம் வந்தால் முத்திரை போட்டு எண் கொடுத்து, கோப்புத் தொடங்கி, இடத்துக்குப் போய் நாடா பிடித்து அளந்து, வரைபடம் போட்டு, சுவர் எங்கே, வாசல் எங்கே, மோட்டார் எங்கே என்று குறிக்க வேண்டும். இதோடு நான்கு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சம்மதக் கடிதம் வாங்குவது எங்கள் அலுவலக வழக்கம். மல்லிகா மூன்று கடிதங்கள் கொண்டுவந்தாள். நாலாவது பக்கம் காலிமனை. அது குட்டியண்ணனின் மச்சினனுக்குச் சொந்தம்.

“அவரு குடுக்கமாட்டேங்கறாருங் அக்கா. பதினோரு தடவை போயிட்டேன்” என்றாள். “காலி எடத்துல மாவு பறந்தா யாருக்கு என்னாகுதுங்க?”

கடிதம் இல்லாததால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம். அப்படித்தான் செய்துவந்தோம். அதை எழுதப் போகும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கடிதம் கேட்கச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது? அலமாரியில் தூசு படிந்திருந்த சட்டப் புத்தகத்தை எடுத்து, விதிகள், திருத்தங்கள், சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் நான்கு நாள் படித்தேன். எங்கேயும் இல்லை. எப்போதோ யாரோ ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். அடுத்தவர் பழைய கோப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படியே வழக்கமாகிவிட்டது.

சுதந்திரத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களிலேயே எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தச் சட்டப் புத்தகம்தான் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அலுவலகம் எதைச் செய்யலாம் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. அதில் இல்லாததைச் செய்ய அலுவலகத்துக்கு உரிமை இல்லை. குடிமகனுக்கு உரிமம் வேண்டும் என்பதுபோல அலுவலகத்துக்கும் உரிமம் வேண்டும்.

எங்கள் செயல் அலுவலர் அப்போது வேங்கடசாமி சார். ஒல்லியான மனிதர், கதர்ச் சட்டை, சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. கோப்பு வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் எழுதினவன் சொல்வதை நம்பிவிடுவோம் என்பார். ஏதாவது வாய்மொழியாகச் சொல்லப் போனால் கையை லேசாக உயர்த்துவார். “எழுதிக் கொண்டாங்கம்மா. பேசறது காத்தோட போயிரும்.” யாருடைய விண்ணப்பத்தையாவது நிராகரித்தால் ஆணையைத் தபாலில் அனுப்பமாட்டார். ஆளை வரச்சொல்லி, நாற்காலி போட்டு, காரணத்தைத் தானே படித்துக் காட்டுவார். திட்டினாலும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு டீ கூட வெளியாளிடம் வாங்கிக் குடித்ததில்லை.

இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்தேன். சம்மதக் கடிதத்துக்கு விதியில் இடமில்லை என்றும், உரிமம் வழங்கலாம் என்றும். பின்னாலிருந்து படித்து முன்பக்கத்துக்கு வந்து நிமிர்ந்தார்.

“இருபது வருசமா வாங்கிட்டு இருக்கறோமேம்மா.”

“வாங்கறோமுங்க சார். எங்கயும் எழுதலீங்க.”

“விதியில இல்லாட்டியும் அதுல ஒரு நல்லது இருக்குதில்லீங்களா? பக்கத்துல இருக்கறவங்க பயம் என்னன்னு நமக்குத் தெரியுது.”

“பயத்தைக் கேக்கலாமுங்க. அவங்க கையில பூட்டைக் குடுத்துறக்கூடாதுங்க.”

கோப்பை மூடி வைத்தார். பிறகு அவர் சொன்னதை இன்றும் நான் மறக்கவில்லை. முன்பு வேறொரு ஊரில் இருந்தபோது, வீட்டோடு சேர்ந்த ஒரு பஞ்சுக் கழிவுக் கிடங்குக்கு, ஏழை, பிழைத்துப்போகட்டும் என்று சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தீப்பிடித்து, பக்கத்து வீட்டில் படுத்திருந்த ஒரு அம்மாள் இறந்துபோனார்.

“அந்தம்மா பேரு எனக்குத் தெரியும். ஒவ்வொரு லைசென்ஸ் போடறப்பவும் அந்தப் பேரு வரும். நீங்க படிக்கற புஸ்தகத்துல இவங்களுக்கு எடம் இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க சார். அடுத்தவங்களுக்குக் கெடுதல்ங்கற எடம் அவங்களுதுதானுங்க. ஆனா போட்டி வந்துரும்னு பயப்படற குட்டியண்ணனுக்கு அந்த எடத்துல எடமில்லீங்க.”

சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கோப்பு அவரிடமே இருந்தது. மூன்றாம் நாள் காலை, “கெளம்புங்க, எடத்தைப் பாக்கலாம்” என்று நடந்தே வந்தார். மல்லிகாவின் முன்னறையில் அரைமணி நேரம் நின்றார். மோட்டார் வைக்கும் இடத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார். மிளகாய் அரைக்கும்போது எந்தப் பக்கம் காற்று என்று கேட்டார். அலுவலகம் திரும்பி மூன்று நிபந்தனைகளைத் தன் கையாலேயே எழுதினார். அரவை இயந்திரத்துக்குத் தூசி பிடிக்கும் துணிப்பை கட்ட வேண்டும். பொழுது இறங்கிய பிறகு ஓட்டக்கூடாது. சுவரிலிருந்து மோட்டார் மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். அதன் கீழே கையெழுத்து.

அன்று மாலை தலைவர் வந்தார். அறைக்கதவு திறந்தே இருந்தது.

“பங்காளிக்கு ஆகாத காரியம் பண்ணிப்போட்டீங்களே சார்.”

“பங்காளிக்கு ஆகாதுன்னு விதியில ஒரு காரணம் இருந்தாக் காட்டுங்க, ரத்து பண்ணிர்றேன்” என்றார் வேங்கடசாமி சார், அதே குரலில்.

குட்டியண்ணன் என் மேஜைக்கு வந்தார். “பொம்பள புள்ள, நாலு எழுத்துப் படிச்சுப்போட்டு ஊரைக் கெடுக்கற” என்றார். நான் எழுந்து நின்று, “ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க” என்றேன். வெள்ளைத் தாள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஐந்தாவது வாரம் எனக்கு மதுக்கரைப் பக்கம் மாறுதல் வந்தது. வேங்கடசாமி சாருக்கு இன்னும் தூரம். ஒரு நாளைக்கு நான்கு பஸ் மாறிப் போய்வந்தேன். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. பழனிசாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “உன்ற கொள்கை எனக்குப் பிடிக்காது. ஆனா நீ பண்ணுனது சரி” என்று சொல்லி, ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

வேறு இரண்டு ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டு, இருபது வருடத்துக்குப் பிறகு அதே பேரூராட்சிக்குத் தலைமை எழுத்தராகத் திரும்பினேன். தலைவர் மாறியிருந்தார். மல்லிகா மில் வீதிக்கே அடையாளமாகியிருந்தது. மூன்று இயந்திரம், பதினோரு பெண்கள். சுற்று வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவளிடம்தான் மசாலா. பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க ஏத்துன வெளக்குங்க இது” என்றாள். எனக்கு அளவில்லாத பெருமை. அந்தப் பெருமையில்தான் அடுத்த ஒரு வருடம் அந்த மில்லுக்குள் ஒரு முறைகூட ஆய்வுக்குப் போகவில்லை. இதை மறைக்காமல் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

ஒருநாள் பழனிசாமி, கால்சட்டையைச் சுருக்கித் தைக்கக் கொடுத்த இடத்திலிருந்து வந்தார். முகம் சரியில்லை.

“சுதந்திரம் சுதந்திரம்னு சொல்றயே, மல்லிகா மில்லுக்குப் பின்னாடி டெய்லர் ஆறுச்சாமி இருக்கறான்ல, அவனுக்கு மூச்சு உடற சுதந்திரம் இருக்குதான்னு போய்ப் பாரு.”

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். ஆறுச்சாமியின் தையல் அறைக்கும் மில்லின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து. வெள்ளிக்கிழமைகளில் மிளகாய் அரவை அதிகம். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை. ஓடினால் தூசியைக் கிளப்பும் என்றார். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். பத்தே நிமிடத்தில் என் தொண்டை எரிந்தது. அவர் நான்கு தையல் போடுவார், நிறுத்தி இருமுவார். தைத்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துக் காட்டினார். துணி சிவந்திருந்தது.

“ஏனுங்க அண்ணா, ஒரு மனு எழுதிக் குடுத்திருக்கலாமில்லீங்க?”

“எங்கூட்டுக்காரி அங்கதானுங்க வேலைக்குப் போறா. மொளகா மிசின்லதான். நானெப்படி எழுதிக் குடுக்கறது? நீங்களும் என்ற பேரைச் சொல்லிப்போடாதீங்கம்மிணி.”

வீட்டுக்கு வந்து அட்டையில்லாத புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது எனக்குச் சுலபமாகப் பதில் சொல்லவில்லை. ஆறுச்சாமி வளர்ந்த மனிதர். புகார் கொடுக்க வேண்டாம் என்று தானே முடிவு செய்திருக்கிறார். அவர் நன்மைக்காக என்று சொல்லி நான் நுழைந்தால், நான் எதிர்த்த அலுவலகமாகவே நானும் ஆகிவிடமாட்டேனா? ஒரு நாள் முழுவதும் இதுதான் யோசனை. பிறகு தெளிந்தது. அவர் சம்மதம் கொடுக்கவில்லை. பயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை. அந்தச் சந்து வழியாகப் போய்வருகிற குழந்தைகள் எதற்கும் சம்மதம் சொல்லவேயில்லை.

செவ்வாய்க்கிழமை மில்லுக்கு ஆய்வுக்குப் போனேன். வேங்கடசாமி சார் எழுதிய நிபந்தனைகளின் நகலைக் கையில் வைத்திருந்தேன். துணிப்பை முதல் இயந்திரத்தில் கிழிந்து தொங்கியது. மற்ற இரண்டிலும் கட்டவே இல்லை. மல்லிகா டீ வரவழைத்தாள். வேண்டாம் என்றேன். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“யாரு மனு குடுத்தாங்க?”

“யாரும் குடுக்கல மல்லிகா.”

“அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?”

“நானே பாத்தேன். மொளகாத் தூசி அடுத்த ஊட்டுக்குள்ள போகுது. மாவு, மல்லி, மஞ்சள் எல்லாம் அரைச்சுக்க. மொளகா மட்டும், தூசி வெளிய போகாம ஏற்பாடு பண்ணுற வரைக்கும் நிறுத்தோணும்.”

“மொளகாதானுங்க என்ற பொழப்பே.” அவள் குரல் உயர்ந்தது. இயந்திரத்தில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறுச்சாமியின் மனைவி. “அன்னைக்கு எனக்காக அந்தச் சண்டை போட்டீங்க. இன்னைக்கு நீங்களே வந்து மூடறீங்களா? சுதந்திரமாத் தொழில் பண்ணோணும்னு சொன்னதெல்லாம் பொய்யுங்களா?”

“அன்னைக்கு உன்னால யாருக்கும் கெடுதல் இல்ல. இன்னைக்கு இருக்குது. ரெண்டு நாளும் நான் ஒண்ணுதான் பாத்தேன்.”

“போங்கக்கா” என்றாள். “போயிருங்க.”

அப்போது இருந்த செயல் அலுவலர் கூடுதல் பொறுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர். “நமக்கெதுக்குங்க மேடம், மனுவே இல்லையே” என்றார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று குறிப்பை நீட்டினேன். என்ன பார்த்தேன், எத்தனை நேரம் பார்த்தேன், எந்த நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, எது நிறுத்தப்பட வேண்டும், எது தொடரலாம் என்று இருந்தது. ஆறுச்சாமியின் பெயர் இல்லை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறிவிப்பு ஒட்டிய அன்று குட்டியண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வயதாகியிருந்தது, கையில் தடி. முகமெல்லாம் சிரிப்பு.

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? எம்பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இந்தத் தொந்தரவு உண்டா?”

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை நான் எழுந்து நிற்கவில்லை.

“அன்னைக்கு உங்களுக்கு வந்தது தொந்தரவு இல்லீங்க, போட்டி. டெய்லருக்கு மூச்சுத் தெணறுறது தொந்தரவு. அதுக்கு லைசென்ஸ் பிரிவு இருக்குது. போட்டிக்கு இங்க சீட்டே இல்லீங்க.”

சொன்ன பிறகுதான் டெய்லர் என்ற வார்த்தை என் வாயில் வந்துவிட்டது தெரிந்தது. பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட மனிதர். முப்பது வருட எச்சரிக்கை ஒரு கோபத்தில் போய்விட்டது. அன்று மாலையே ஆறுச்சாமி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தையலை நிறுத்தவில்லை. அவர் மனைவி மட்டும் வாசல்வரை வந்து, “மல்லிகாக்காகிட்ட நானே சொல்லிக்கறனுங்க” என்றாள்.

மிளகாய் இயந்திரம் ஆறு வாரம் நின்றது. அதில் வேலை பார்த்த நான்கு பெண்களுக்கு அந்த ஆறு வாரமும் வேலை இல்லை, ஆறுச்சாமியின் மனைவி உட்பட. அவர்களில் ஒருத்தி சந்தையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு நான்தான் காரணம். எந்தப் புத்தகமும் அதை என்னிடமிருந்து எடுத்துவிடவில்லை. எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பழனிசாமி சங்கத்து நண்பர்களிடம் சொல்லி இரண்டு பேருக்குத் தற்காலிகமாக நூல் சுற்றும் வேலை பிடித்துக் கொடுத்தார்.

மல்லிகா அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்கு வெளியே, கிணற்றடி விவசாயக் காடு ஒன்றை ஒட்டி வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தாள். மிளகாய் இயந்திரத்தை அங்கே கொண்டுபோய், தூசியை இழுத்துப் பையில் நிரப்பும் விசிறி வைத்தாள். நான்கு பெண்களையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டாள். ஆறுச்சாமியின் மனைவியை ஒரு வார்த்தை கடிந்து கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆறுச்சாமிக்கு நெஞ்சு முழுதும் சரியாகவில்லை. இன்னும் இன்ஹேலரில் மருந்து உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தைக்கிறார்.

என்னிடம் மட்டும் மல்லிகா பேசவில்லை. உரிமம் புதுப்பிக்க இரண்டு வருடம் ஆளை அனுப்பினாள். வீதியில் எதிரே வந்தால் அடுத்த பக்கம் போய்விடுவாள்.

மூன்றாம் வருடம் அவளே வந்தாள். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சமயம் எங்கள் ஊரில் மூன்றாவதாக ஒரு மில் வர இருந்தது. வெளியூரிலிருந்து குடிவந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, மல்லிகாவின் அடுத்த வீதியிலேயே இடம் பிடித்து விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். கோப்பு என் மேஜையில்தான் இருந்தது. நல்ல இயந்திரம், முதல் நாளிலிருந்தே தூசிப்பை. தடுக்க ஒரு காரணமும் இல்லை. அதற்கு ஆட்சேபணை கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் தயாராகவும் ஆகிவிட்டேன்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“குட்டியண்ணன் நேத்து ஊட்டுக்கு வந்தாருங்க” என்றாள். “புது மில்லு வரக்கூடாதுன்னு எழுதிக் கொண்டாந்து என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாரு. இருக்கறது ரெண்டு மில்லு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாத் தடுத்துறலாம்னாரு.”

“போட்டுக் குடுத்தியா?”

“போடலீங்க. அவங்களும் பொழைக்கோணுமில்ல? என்ற மசாலா நல்லா இருந்தா என்கிட்ட வர்றாங்க. இல்லீன்னா அங்க போறாங்க.”

புதுப்பித்த உரிமத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“உங்க மேல கோவம் இன்னும் போகலீங்கக்கா. போகாது. ஆனா அந்த நோட்டீஸ்ல பொய் ஒண்ணும் இல்ல.”

அவள் எந்தப் புத்தகமும் படித்தவள் இல்லை. படி இறங்கி அவள் வண்டியை எடுக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புது மில்லின் கோப்பைப் பிரித்தேன். அன்று மதியத்துக்குள் உரிமம் கையெழுத்தாகி வெளியே போய்விட்டது.